மத்தளக் காதோடு சில புது அல்பங்கள்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

புதிதாக வந்த அல்பங்களில் எதைக் கேட்கலாம் என்று பேசத்தான் என்னை அழைத்தார்கள். போன வாரம் வந்ததுதான் புதிது என்று நான் நினைப்பதில்லை. 2023இலிருந்து இன்றுவரை வந்து, நம்மில் பலர் இன்னும் கேட்காமல் இருப்பதெல்லாம் என் கணக்கில் புதிதுதான். சினிமாப் பாட்டை இன்று தொடப்போவதில்லை. அதற்கு நாள் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

தெரியாத மொழிப் பாட்டொன்றைப் போட்டால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "என்ன சொல்றான்?" என்பதுதான். சொல்லை விடுங்கள், தாளத்தைப் பிடியுங்கள். வட்டக்களரியைச் சுற்றியிருந்து விடிய விடிய வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் பார்த்த ஊர் இது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டை மாற்றினால் ஆட்டக்காரரின் கால் மாறும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காது இருந்தால் ஜாஸ், றப், பாலைவனக் கிற்றார் என்று எதற்குள்ளும் நுழையலாம்.

முதலில் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்'. 2023இல் வந்தது. கிற்றார் வாசிக்கும் ஜோன் மக்லோக்லினும் தபேலா மேதை சாகிர் ஹுசைனும் எழுபதுகளில் தொடங்கிய குழு இது. அன்று வயலின் வாசித்த எல். சங்கர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். 46 வருட இடைவெளிக்குப் பிறகு ஸ்டூடியோவில் பதிந்த இந்த அல்பத்தில் அவருடைய மகன் செல்வகணேஷ் இருக்கிறார். பாட்டுக்கு சங்கர் மகாதேவன், வயலினுக்குக் கணேஷ் ராஜகோபாலன். 2024இல் கிராமி விருதும் கிடைத்தது. அந்த வருடம் டிசம்பரில் சாகிர் ஹுசைன் காலமானார். தபேலா ஒரு கணக்கைப் போட, கஞ்சிராவும் கடமும் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் இடங்களை மட்டுமாவது கவனித்துக் கேளுங்கள். வாயால் சொல்லும் கொன்னக்கோல் வரும்போது நம் தாளக்கட்டு ஞாபகம் வராவிட்டால் என்னைக் கேளுங்கள். ஜாஸ் என்றாலே ஓடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

அடுத்தது, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள்: புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் பாடகர் பாட் பன்னி. 2025 ஜனவரியில் வந்த அவருடைய 'தெபி திரார் மாஸ் போட்டோஸ்' அல்பத்துக்கு 2026 பெப்ரவரியில் ஆண்டின் சிறந்த அல்பம் என்ற கிராமி கிடைத்தது. முழுக்க ஸ்பானிய மொழியில் உள்ள அல்பம் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. விருதுக்காகச் சொல்லவில்லை, மேளத் தோலுக்காகச் சொல்கிறேன். அந்தத் தீவில் பிளேனா என்று ஒரு நாட்டார் இசை உண்டு. கையில் பிடித்து அடிக்கும் ஒருமுக மேளங்கள் மூன்று: பெரியது அடித்தாளத்தை விடாது, நடுவிலுள்ளது அதற்குப் பதில் சொல்லும், சின்னது தன் இஷ்டத்துக்கு ஓடும். 'கஃபே கொன் றொன்' என்ற பாட்டில் உள்ளூர்ப் பிளேனாக் குழுவொன்றையே கூட்டிவந்து அடிக்க வைத்திருக்கிறார். பக்கீர் பாவாமார் அடித்துப் பாடும் றபானைக் கேட்டு வளர்ந்த காத்தான்குடி, அக்கரைப்பற்று நேயர்களுக்கு அந்தக் கையடி உடனே பிடிபடும். இன்னொரு பாட்டு, ஆறு நிமிடச் சல்சா நடன இசை. சோம்பலாக ஒரு சிந்தசைசரில் தொடங்கும். என்னடா இது என்று நீங்கள் மாற்றப் போகும்போது ஊதுகுழல்களும் கொங்கா மேளமும் ஒரேயடியாக வந்து விழும். அவற்றை வாசித்தவர்கள் அங்குள்ள இசைப் பாடசாலை மாணவர்கள். நிலம் வெளியாள் கைக்குப் போவதையும் சனம் ஊரைவிட்டுப் போவதையும் சொல்லும் பாட்டொன்றும் இருக்கிறது. அதற்கு மட்டும் சொல்லையும் தேடிப் பாருங்கள்.

பாலைவனக் கிற்றார் என்றேனே, அது நைஜர் நாட்டின் ம்தூ மொக்தார், சகாராப் பாலைவனத்துத் துவாரெக் இனத்துக் கிற்றார்க்காரர். இடதுகைக்காரர். முதல் கிற்றாரைச் சைக்கிள் பிறேக் கம்பிகளைக் கட்டித் தானே செய்தவர். 2024இல் 'பியூனரல் ஃபோர் ஜஸ்டிஸ்', நீதிக்குச் செத்தவீடு என்ற பேரில், காது கிழிகிற மின்கிற்றார் அல்பம். 2023 ஜூலையில் நைஜரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது குழு அமெரிக்காவில் இருந்தது, ஊர் திரும்ப முடியவில்லை. அதே பாட்டுகளை மின்சாரம் இல்லாத கிற்றாரில் மறுபடி பதிந்து 2025இல் 'டியர்ஸ் ஒஃப் இன்ஜஸ்டிஸ்' என்று வெளியிட்டார்கள். முதலாவதில் கோபம், இரண்டாவதில் ஒப்பாரி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இளையவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

றப் வேண்டுமென்றால் தமிழ்நாட்டு றப் பாடகர் அறிவு 2024இல் வெளியிட்ட 'வள்ளியம்மா பேராண்டி'. அந்த வள்ளியம்மா அவருடைய பாட்டி, நம் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா போனவர். தமிழ்தான், ஆகவே விளக்கம் வேண்டாம், போட்டுக் கேளுங்கள்.

கன்ட்ரி இசை? பியோன்சேயின் 'கௌபோய் கார்ட்டர்', 2024. 27 உருப்படிகள், கொஞ்சம் நீளம்தான், பாதிக்குமேல் எனக்குத் தளர்கிறது. ஆனால் 'டெக்சாஸ் ஹோல்ட் எம்' பாட்டில் பான்ஜோ என்ற தந்தி வாத்தியத்தைக் கேளுங்கள். அடிமைகளாகக் கொண்டுபோன ஆபிரிக்கர்கள் தங்கள் ஊர் வாத்தியங்களின் சாயலில் அமெரிக்கக் கரைகளில் செய்துகொண்ட வாத்தியம், பிறகு வெள்ளையர் வாத்தியமாகிப் போனது. போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாணத்தில் வயலினோடு கப்ரிஞ்ஞா ஆடிப் பார்த்தவர்களுக்கு இப்படி இசை கைமாறும் கதை புதிதல்ல.

சரி, தாளத்தைப் பிடி என்று இவ்வளவு சொன்னேனே, பிடிக்கவே முடியாத ஒன்றும் இருக்கிறது. லாகூரில் வளர்ந்து நியூயோர்க்கில் வாழும் பாடகி அரூஜ் அஃப்தாபின் 'நைட் ரெய்ன்', 2024. மேளம் பின்னால் போய்விடும், குரல்தான் காலத்தை இழுக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐதராபாத்தில் வாழ்ந்த மஹ் லகா பாய் என்ற பெண் கவியின் உருதுப் பாடல்களை எடுத்துப் பாடியிருக்கிறார். அதில் ஒன்றுக்குப் பியானோ வாசித்திருப்பவர் விஜய் ஐயர், அமெரிக்காவில் பிறந்த தமிழர். இதைப் பகலில் சமைத்துக்கொண்டு கேட்டால் ஒன்றும் ஏறாது. இரவு டேட்டா மிச்சமிருப்பவர்கள் சாப்பாடு முடிந்து, ஹெட்செட்டைப் போட்டு, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். இடையில் வட்ஸ்அப் பார்க்கக் கூடாது.