வானொலி அடங்கிய இரவும் ஒரு வழக்கறிஞரும்

வணக்கம் நேயர்களே.

2013 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. கிரீஸ் அரசின் செய்தித் தொடர்பாளர் அன்று பிற்பகல் டி.வி.யில் தோன்றி, நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம் அன்றிரவோடு மூடப்படுகிறது என்று அறிவித்தார். அந்த நிறுவனத்தை அங்கே 'எர்ட்' என்பார்கள். 1938-ல் வானொலியாகத் தொடங்கியது. இரவு பதினோரு மணி வாக்கில் திரைகள் கறுத்தன, வானொலியும் அடங்கியது. 2,600 பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். மைக் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பத்து நாள் கழித்து, இந்த ஒரு காரணத்துக்காக ஒரு கட்சி ஆட்சியை விட்டு வெளியேறியது. அதன் தலைவர் ஃபோட்டிஸ் கூவேலிஸ். தொழிலால் வழக்கறிஞர், கொள்கையால் இடதுசாரி. அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கூவேலிஸ் 1948 செப்டம்பரில் வோலோஸ் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். அப்போது கிரீஸில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. அரசுப் படை ஒரு பக்கம், கம்யூனிஸ்டுகள் தலைமையிலான ஜனநாயகப் படை மறுபக்கம். 1949-ல் அரசுப் படை வென்றது. ஆனால் தோற்றவர்களுக்குப் போர் அதோடு முடியவில்லை. சட்டத்தின் மொழியில் அவர்கள் 'கொள்ளைக் கூட்டத்தார்'. ஒருவர் அரசு வேலைக்குப் போகவும் பாஸ்போர்ட் வாங்கவும் அவருடைய அரசியல் கருத்து 'சரியானது' என்று போலீஸ் சான்றிதழ் தர வேண்டும். மாமா இடதுசாரி என்றால் மருமகனுக்கும் வேலை கிடைக்காது. 1967 முதல் 1974 வரை ராணுவ சர்வாதிகாரம் வேறு. அந்தச் சான்றிதழ் முறை ஒழிந்ததே அதற்குப் பிறகுதான்.

இந்தச் சூழலில் வளர்ந்த பையன் ஏதென்ஸில் சட்டம் படித்தார். மாஸ்கோ சொல்வதையெல்லாம் ஏற்காத 'உள்நாட்டு' கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து அதன் மத்தியக் குழுவரை போனார். 1980-களின் பிற்பகுதியில் ஏதென்ஸ் வழக்கறிஞர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

அப்புறம் வந்தது 1989. ஆளும் சோஷலிஸ்ட் கட்சி வங்கி ஊழலில் சிக்கியிருந்தது. தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அப்போதுதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது: வலதுசாரிகளும் இடதுசாரிகளும் சேர்ந்து ஆட்சி அமைத்தார்கள், சில மாதங்களுக்கு மட்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் மலைகளில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட இரண்டு தரப்பின் வாரிசுகள் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள். அதில் நீதித்துறை கூவேலிஸிடம் வந்தது.

அந்த ஆட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. நடந்தது உள்நாட்டுப் போர், அதில் எதிர்த்து நின்றவர்கள் ஜனநாயகப் படையினர் என்று அது அறிவித்தது. 'கொள்ளைக் கூட்டம்' என்ற சொல் சட்டத்திலிருந்து போனது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் நாற்பது வருஷம் அந்தப் பெயரைச் சுமந்த ஒரு கிழவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! போர் முடிந்த நாற்பதாவது ஆண்டான அதே ஆகஸ்டில், குடிமக்களைப் பற்றி போலீஸ் சேர்த்துவைத்திருந்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ரகசியக் கோப்புகளை எஃகு ஆலை உலையில் போட்டு எரித்தார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். பாதிக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் படிக்க வேண்டிய காகிதங்கள் அவை. ஆனால் அந்தச் சட்டம் வந்தது மிகச் சரி.

பிறகு நீண்ட காலம் அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 2008-ல், தான் அப்போது இருந்த இடதுசாரிக் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்டு, அப்போது 33 வயதே ஆகியிருந்த அலெக்ஸிஸ் சிப்ராஸிடம் தோற்றார். 2010-ல் மிதவாத இடதுசாரிகளோடு வெளியே வந்து 'ஜனநாயக இடதுசாரி' என்ற புதுக் கட்சியைத் தொடங்கினார். அது கிரீஸ் கடனில் மூழ்கிய நேரம். யூரோவிலும் இருக்க வேண்டும், மக்கள் வயிற்றிலும் அடிக்கக் கூடாது என்று நிதானமாகப் பேசியவரை மக்களுக்குப் பிடித்திருந்தது. 2012 ஜூன் தேர்தலில் அவர் கட்சி ஆறு சதவீத வாக்கும் 17 இடங்களும் பெற்றது. நாட்டில் ஓர் அரசாவது அமைய வேண்டும் என்று, வலதுசாரி சமராஸ் தலைமையில் சோஷலிஸ்டுகளோடு சேர்ந்து கூட்டணிக்குப் போனார். 1989-க்குப் பிறகு மறுபடியும் வலதுசாரிகளோடு ஓர் ஆட்சி.

உள்ளே இருந்தது சுலபமாக இல்லை. தொழிலாளர் உரிமையைக் குறைக்கும் மசோதா வந்தபோது அவர் கட்சி ஆதரித்து வாக்களிக்கவில்லை. நவ நாஜிகள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வந்துவிட்ட காலத்தில், இனவெறிக்கு எதிராகக் கூவேலிஸ் கட்சியினர் கொண்டுவந்த மசோதாவைப் பிரதமர் சமராஸின் கட்சி முடக்கியது.

இதற்கெல்லாம் மேல் வந்ததுதான் எர்ட். கடன் கொடுத்தவர்கள் அரசுப் பணியாளர்களைக் குறைக்கச் சொல்லிக் கெடு வைத்திருந்தார்கள். சமராஸ் நாடாளுமன்றத்தைக் கேட்காமல், கூட்டாளிகளின் கையெழுத்தும் இல்லாமல், ஓர் அவசரச் சட்டத்தால் நிறுவனத்தையே மூடினார். ஊழியர்கள் கட்டடத்தை விட்டு நகரவில்லை, இணையம் வழியாக ஒலிபரப்பைத் தொடர்ந்தார்கள். எர்ட்டின் இசைக் குழுவினர் வாசித்தார்கள். வாசல் முழுக்க மக்கள். உச்ச நிர்வாக நீதிமன்றம் ஒலிபரப்பை நிறுத்தியதற்கு இடைக்காலத் தடை போட்டது.

சமராஸ் இறங்கி வந்தார்: புது நிறுவனம் வரும்வரை 2,000 பேரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். சோஷலிஸ்டுகள் கூட்டணியில் தங்கினார்கள், அவர்களின் தலைவர் துணைப் பிரதமரானார். கூவேலிஸ் மட்டும் மறுத்தார். எத்தனை பேருக்கு வேலை என்ற கணக்கல்ல அவருக்கு முக்கியம். ஓர் அரசு எந்த முறையில் நடக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. அவர் கட்சி அமைச்சர்கள் பதவி விலகினார்கள். 300 பேர் கொண்ட அவையில் சமராஸுக்கு 153 பேர் மிஞ்சினார்கள். ஆட்சி கவிழவில்லை.

விலை கொடுத்தது கூவேலிஸ்தான். ஆட்சிக்குப் போனதற்காக ஒரு சாரார் கைவிட்டார்கள், வெளியேறியதற்காக இன்னொரு சாரார் கைவிட்டார்கள். 2014 ஐரோப்பியத் தேர்தலில் அவர் கட்சிக்கு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வாக்கு கிடைத்தது. 2015 ஜனவரியில் அரை சதவீதம், ஓர் இடமும் இல்லை. தன்னைத் தோற்கடித்த சிப்ராஸின் ஆட்சியில் 2018-ல் அவர் மறுபடி அமைச்சரானார், முதலில் பாதுகாப்புத் துறையில், பிறகு கப்பல் துறையில். ஆனால் அவர் கட்டிய கட்சி மீண்டு எழவில்லை.

வெளியேறியது தப்பு என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளே இருந்து இன்னும் கொஞ்சம் சாதித்திருக்கலாமே என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போலீஸ் கோப்புகளின் நிழலில் வளர்ந்த ஒருவர், அரசு ஒரே இரவில் ஒரு குரலை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டு அதே மேஜையில் எப்படி உட்கார்ந்திருப்பார்?

2015 ஜூன் 11. மூடிய நாளிலிருந்து சரியாக இரண்டு ஆண்டுகள். காலை ஆறு மணிக்கு எர்ட் மறுபடி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதைத் திறக்கும் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, ஆதரித்துக் கை தூக்க கூவேலிஸின் கட்சியிலிருந்து அங்கே யாரும் இல்லை.

வணக்கம்.