பிளம்ஸ் பழமும் பீச் வேரும்

நேயர்களுக்கு வணக்கம். மே மாதம் கொடைக்கானல் போனவர்கள் கூடைகளில் குவித்து விற்கும் பிளம்ஸை வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். ஒரு கூடைப் பழம் தேனாக இருக்கும், அடுத்த கூடையில் எடுத்தால் வெறும் புளித்தண்ணீர். இரண்டும் ஒரே ரகம்தான் என்பார் கடைக்கார அம்மா. ரகம் ஒன்றாகவே இருக்கலாம். மண்ணும் வேரும் ஒன்றாக இருக்க வேண்டுமே!

பிளம்ஸ் மரம் என்று நாம் சொல்வது இரண்டு செடி. மேலே இருப்பது பிளம்ஸ். கீழே, நம் மலைகளில் பெரும்பாலும், பீச். பீச் கொட்டையை முளைக்க வைத்து, அந்தக் கன்றில் பிளம்ஸ் குச்சியை ஒட்டுக் கட்டுகிறோம். கீழே இருப்பதற்கு வேர்ச்செடி என்று பெயர்.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா ஒரே தாய்மரத்தில் குச்சி எடுத்துப் பன்னிரண்டு கன்று கட்டினார். ஆறு மேட்டுச் சரிவில், ஆறு ஓடையோரப் பள்ளத்தில். பள்ளத்து மண் கருகருவென்று இருக்கும், எந்நேரமும் ஈரம். மேட்டு மண் செம்மண், சரளைக்கல் கலந்தது. முதல் சில வருஷம் பள்ளத்து மரங்கள்தான் தளதளவென்று வந்தன. மேட்டு மரங்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும். காய்ப்புக்கு வந்ததும் எல்லாம் தலைகீழ். மேட்டுப் பழம் சின்னது, கெட்டி, நல்ல நிறம், நல்ல இனிப்பு. பள்ளத்துப் பழம் பெரிது, ஆனால் தோலில் பாதி பச்சை. மழை பெய்த மறுநாள் வெடித்து நிற்கும்.

பள்ளத்தில் தழைச்சத்தும் தண்ணீரும் ஓயாமல் கிடைத்தால் மரம் இலையும் கொப்புமாகப் போகும். அந்த நிழலில் பழம் நிறம் ஏறாது, தண்ணீர் ஏறி இனிப்பும் நீர்த்துவிடும். மேட்டு மரம் பழுக்கிற சமயத்தில் கொஞ்சம் தாகப்படும். அந்தத் தாகத்தில்தான் இனிப்பு ஏறுகிறது.

அப்புறம் ஒரு அடைமழை வருஷம். ஐப்பசியில் பள்ளத்தில் நாள்கணக்காகத் தண்ணீர் நின்றது. தை பிறந்து மேட்டில் பூ பூத்தது. பள்ளத்தில் நான்கு மரம் அசையவே இல்லை. அப்பா ஒன்றைத் தோண்டி, வேரை நகத்தால் கீறினார். வெள்ளையாக இருக்க வேண்டிய உட்பட்டை காப்பிப்பொடி நிறத்தில் வழுக்கிக்கொண்டு உரிந்து வந்தது. மேலே கிளையைக் கீறினால் இன்னும் பச்சை. செத்திருந்தது பீச்.

பீச் வேருக்கு நீர் தேங்கக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், தேங்கவே கூடாது. காற்றில்லாமல் திணறும்போது அந்த வேருக்குள் இருக்கும் ஒரு பொருள் சிதைந்து சயனைடு உண்டாகிறது. தன் நஞ்சிலேயே அது சாகும். பிளம்ஸ் இனத்து வேர்கள் ஈரத்தை இதைவிடத் தாங்கும். கலிஃபோர்னியாவில் ஈரக் களிமண்ணுக்கு மரியானா 2624 என்ற வேர்ச்செடியை வைக்கிறார்கள். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பிக்ஸி என்ற வேர்ச்செடி மரத்தைக் குட்டையாக்கும், ஆனால் பிஞ்சைக் களையாவிட்டால் பழமும் சிறுத்துவிடும். அதனால் கன்று வாங்கும்போது ரகத்தோடு நிறுத்தாமல், எந்த வேரில் கட்டியது என்றும் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுண்ணாம்பு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நம் மலை மண் அமில மண், சுண்ணாம்பு தேவைதான். ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் கொட்டாதீர்கள். மிஞ்சினால் பீச் வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை வெளிறி மஞ்சளாகிவிடும். சாம்பல் சத்துக்கு இன்று நேரமில்லை. நன்றி, வணக்கம்.