எண்ணூர் சாம்பல் ஈயத்தைப் பிடிக்குமா?

(திரையில்: வெள்ளைத்தாளில் ஒரு சிட்டிகைச் சாம்பல்)

இது அனல் மின் நிலையத்துச் சாம்பல். விரல்ல தேய்ச்சா முகப்பவுடர் மாதிரி வழுக்கும். எண்ணூர்க்காரங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. சாம்பல் குழம்பு போற குழாய் கசிஞ்சு கசிஞ்சு, கொசஸ்தலை ஆத்துல இறால் பிடிக்கிறவங்க காலடியில சேறா படிஞ்சது இதுதான்.

சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் இதுல நிறைய போகுது. நான் சொல்ல வந்தது வேற ஒரு வேலை: தண்ணியில கலந்த ஈயத்தைப் பிடிக்கிறது.

(திரையில்: மைக்ராஸ்கோப் படம்)

எல்லாம் கண்ணாடிக் கோலிகுண்டு! உலையில உருகி, புகையோட பறக்கும்போதே ஆறினதால இந்த உருண்டை வடிவம். பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்தான், அதாவது ஆக்சிஜனோட சேர்ந்த சிலிக்கானும் அலுமினியமும். இதைக் காஸ்டிக் சோடா கரைசல்ல போட்டு, 100 டிகிரிக்குப் பக்கத்துல ஒரு நாள் பூரா சூடாக்கணும். கண்ணாடி கரையும், அதே சரக்கு படிகமா திரும்ப வளரும். வழவழன்னு இருந்த உருண்டை மேல இப்ப சொரசொரன்னு படிகம். இதுதான் ஜியோலைட். 1985லயே ஹோலர், விர்ஷிங்னு ரெண்டு பேர் இதைச் செஞ்சு காட்டிட்டாங்க.

படிகத்துல சிலிக்கான் உக்கார வேண்டிய சில இடங்கள்ல அலுமினியம் உக்காந்திருக்கும். அங்கெல்லாம் ஒரு மைனஸ் மின்னூட்டம் மிச்சம். அதை ஈடுகட்ட சோடியம் சும்மா ஒட்டிக்கிட்டிருக்கும். ஈயம் கலந்த தண்ணி வந்தா ரெண்டு சோடியம் இறங்கும், ஒரு ஈயம் ஏறிக்கும். காட்மியம், செம்பு, துத்தநாகத்துக்கும் இதே கதைதான்.

அப்போ ராணிப்பேட்டை குரோமியம்? அங்க மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுட்டுப் போன கழிவே 2 லட்சம் டன்னுக்கு மேல. அதுல பயங்கரமானது ஆறு இணைதிறன் குரோமியம். தண்ணியில அதுவும் மைனஸாத்தான் இருக்கும், அதனால ஜியோலைட் பக்கம் வராது. முதல்ல அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் போட்டு அதை மூணு இணைதிறனுக்கு இறக்கணும். அப்புறம் சுண்ணாம்பு போட்டா பெரும்பகுதி அடியில தங்கிடும். கரைசல்ல மிஞ்சுறதுக்குத்தான் ஜியோலைட். இந்தப் படியை விட்டுட்டு 'எல்லா உலோகத்தையும் பிடிக்கும்'னு யாராவது வித்தா நம்பாதீங்க.

இன்னொண்ணு. சாம்பல்லயே ஆர்சனிக் இருக்கும். நல்லா கழுவி, தண்ணியில என்ன கசியுதுன்னு சோதிச்ச பிறகுதான் வடிகட்டித் தொட்டியில போடணும்.

(திரையில்: தொட்டியிலிருந்து அள்ளிய ஈரப் பொடி)

ஈயம் நிறைஞ்ச இந்தப் பொடி இப்ப அபாயக் கழிவு. அடர்த்தியான உப்புத் தண்ணி விட்டா சோடியம் மறுபடி ஏறும், ஈயம் இறங்கும். அந்தக் கொஞ்சத் தண்ணியிலேர்ந்து ஈயத்தைத் தனியாப் பிரிச்சு எடுக்கணும், பொடி திரும்பத் தொட்டிக்குப் போகும்.