ஒரு கோடி டாலர் வீரரின் கையிலிருந்து நழுவிய பந்து: புது அணியில் முதல் சீசனை எப்படி எடை போடுவது?

[திரையில்: மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம், 1 அக்டோபர் 2016]

இந்தக் காட்சியை ஒருமுறை பாருங்கள். ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கின் கிராண்ட் ஃபைனல். கடைசிக் கால் பகுதி. சிட்னி ஸ்வான்ஸ் அணியின் லான்ஸ் ஃபிராங்க்ளின் கையில் பந்து. பின்னாலிருந்து வெஸ்டர்ன் புல்டாக்ஸின் டேல் மோரிஸ் பாய்ந்து அவரை மடக்குகிறார். பந்து நழுவுகிறது. அதைப் பொறுக்கி எடுப்பவர் டாம் பாய்ட், வெகு தூரத்திலிருந்தே ஓங்கி உதைக்கிறார். கோல் முகத்தில் ஒருவரும் இல்லை. முட்டை வடிவப் பந்து, தரையில் குத்தினால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது குத்துகிறது, துள்ளுகிறது, நேராகக் கம்பங்களுக்கு நடுவே போகிறது!

ஏறக்குறைய 1 லட்சம் பேர் எழுந்து நிற்கிறார்கள். 1954க்குப் பிறகு, 62 ஆண்டுகள் கழித்து, புல்டாக்ஸுக்குக் கோப்பை உறுதியாகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பந்தைத் தவறவிட்டவர், எடுத்தவர் இருவருமே வேறு கிளப்பிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கு 9 ஆண்டு ஒப்பந்தம், ஒரு கோடி டாலர். இன்னொருவருக்கு 7 ஆண்டு, சுமார் 70 லட்சம் டாலர். முதலாமவரின் முதல் சீசன் அமர்க்களம். இரண்டாமவரின் முதல் சீசனைப் பார்த்து "பணம் தண்டம்" என்றார்கள். அப்படியானால் முதல் சீசனை வைத்து ஒரு வீரரை எடை போடுவது சரியா?

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு அரை நிமிடம். பக்கத்துக்கு 18 பேர், நீள்வட்ட மைதானம், ஒவ்வொரு முனையிலும் 4 கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கவாட்டு இடைவெளியில் போனால் 1 புள்ளி. உதைத்த பந்து 15 மீட்டர் தாண்டி வந்து, அதைக் கீழே விடாமல் பிடித்தால் அதன் பெயர் மார்க். பிடித்தவருக்கு நிதானமாக உதைக்க வாய்ப்பு. இவ்வளவு போதும்.

[திரையில்: 2013, ஹாதோர்ன் சீருடையில் ஃபிராங்க்ளின்]

ஃபிராங்க்ளின் ஹாதோர்னின் செல்லப்பிள்ளை. 2008இல் ஒரே சீசனில் 113 கோல். அதன்பிறகு இன்றுவரை யாரும் ஒரு சீசனில் 100ஐத் தொடவில்லை. 2008, 2013 என இரண்டு கோப்பைகள். 2013 முடிந்ததும், 2012இல் நடைமுறைக்கு வந்த புது விதிப்படி வேறு அணிக்குப் போகும் உரிமை அவருக்கு இருந்தது. லீக்கின் புது அணியான கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குத்தான் போகிறார் என்று ஊரே பேசியது. அவர் போனது அதே நகரத்தின் இன்னொரு அணிக்கு, ஸ்வான்ஸுக்கு. அடுத்த ஜனவரியில் அவருக்கு 27 வயது. ஒப்பந்தம் முடியும்போது 35 ஆகிவிடும். ஓடியே பிழைக்கும் ஒருவருக்கு 35 வயது வரை சம்பளமா என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

2014இன் முதல் ஆட்டம் யாரோடு தெரியுமா? அதே கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி. முந்தைய ஆண்டு முழுவதும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த அணி அது. அவர்களிடம் ஸ்வான்ஸ் 32 புள்ளியில் தோற்றது! முதல் 4 ஆட்டங்களில் 3 தோல்வி. அந்த ஏப்ரல் மாதத்தில் நீங்கள் தீர்ப்பு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்?

அப்புறம் நடந்தது, தொடர்ச்சியாக 12 வெற்றி.

அந்த இடைவெளியில் ஃபிராங்க்ளின் புதிதாக உதைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. மாறியது அவருக்குப் பந்து வந்து சேர்ந்த விதம். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முன்கள வீரர் நின்ற இடத்தில் நின்று பந்துக்குக் காத்திருப்பதில்லை. தன்னைக் காக்கும் எதிரணி ஆளை ஏமாற்றிவிட்டு, திடீரென்று ஒரு திசையில் வெளியே ஓடுவார். நடுக்களத்தில் பந்து வைத்திருப்பவர் அவர் நிற்கும் இடத்துக்கு உதைத்தால் காரியம் கெட்டது. மூன்று நொடி கழித்து அவர் எங்கே இருப்பாரோ அங்கே உதைக்க வேண்டும். தலையைத் தூக்கிப் பார்க்க நேரமிருக்காது. அவர் எந்தப் பக்கம் ஓடுவார், தலைக்கு மேல் வரும் பந்து பிடிக்குமா, மார்பு உயரத்தில் வேகமாக வருவது பிடிக்குமா என்பதெல்லாம் உதைப்பவரின் உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். ஹாதோர்னில் பல ஆண்டுகளில் ஊறிப்போன புரிதல் அது. சிட்னியில் எல்லாம் முதலிலிருந்து.

அதிலும் இவர் இடதுகாலர். கோலை நோக்கி உதைக்க வரும்போது நேர்கோட்டில் வரமாட்டார், இடப்பக்கமாக வளைந்து வருவார். அவர் பெயரைச் சொன்னாலே ரசிகர்களுக்கு அந்த வளைவுதான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்டவருக்கு எந்த இடத்தில் பந்து கொடுத்தால் வசதி என்று கூட இருப்பவர்களும் படிக்க வேண்டும். புது அணியில் ஒரு முன்கள வீரருக்கு நடப்பது பரீட்சை என்றால், அதில் பாதித் தாள் சக வீரர்கள் எழுதுவது. என் முழு வாதமும் இந்த ஒரு வரிதான்.

சீசன் முடிந்தபோது கணக்கு: 22 ஆட்டங்கள், 79 கோல். அதில் லீக் சுற்றில் அடித்தவை 67. அந்த ஆண்டு அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் அவருக்கே. ஸ்வான்ஸ் பட்டியலில் முதலிடம்.

கிராண்ட் ஃபைனலில் எதிரே வந்து நின்றது ஹாதோர்ன். அவர் விட்டுவிட்டு வந்த அதே ஹாதோர்ன்!

ஹாதோர்ன் 137, சிட்னி 74. 63 புள்ளி வித்தியாசம். சிட்னி மொத்தம் அடித்ததே 11 கோல், அதில் 4 ஃபிராங்க்ளினுடையது. ஹாதோர்ன் அடுத்த ஆண்டும் கோப்பையை வென்றது. "பார்த்தீர்களா, அவர் போனதால் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை" என்று சொன்னவர்கள் உண்டு. இந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. பழைய அணி நன்றாக இருந்தது என்பது பழைய அணியைப் பற்றிய செய்தி. 2011இல் கேரி ஆப்லெட் ஜிலாங்கை விட்டுப் புத்தம் புதிய கோல்ட் கோஸ்ட் அணிக்குத் தலைவராகப் போனார். அந்த அணி ஜெயித்தது 3 ஆட்டங்கள், அவர் விட்டுப்போன ஜிலாங் அதே ஆண்டு சாம்பியன். அந்த ஆண்டு கோல்ட் கோஸ்டின் சிறந்த வீரர் ஆப்லெட்தான். அவரைத் தோல்வி என்று யாராவது சொல்ல முடியுமா?

[திரையில்: 2016, ஜிலாங் சீருடையில் டேஞ்சர்ஃபீல்ட்]

சரி, அப்படியென்றால் எல்லோருக்கும் அவகாசம் தேவையா? இல்லை. பாட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட் அடிலெய்டிலிருந்து ஜிலாங்குக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே 43 முறை பந்தை எடுத்து விளையாடினார். அந்த ஆண்டு லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமும் அவருக்கே, 35 வாக்குகளோடு, அன்றைக்கு அது சாதனை. காரணம் எளிது: அவர் நடுக்கள ஆள். பந்து கிடக்கும் இடத்துக்கு அவரே போய்ப் பிடுங்கிக்கொள்வார், யாரும் கொண்டுவந்து தர வேண்டியதில்லை. ஆகவே நடுக்கள வீரரின் முதல் சீசன் ஓரளவு அவரைப் பற்றியே பேசும், முன்கள வீரரின் முதல் சீசன் மொத்த அணியைப் பற்றிப் பேசும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

இனி டாம் பாய்ட்.

2013 டிராஃப்டில், அதாவது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்ட பையன். ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியில் ஒரே ஒரு சீசன், 9 ஆட்டங்கள். அவ்வளவுதான் அனுபவம். 2014 முடிவில் புல்டாக்ஸின் கேப்டன் ரயன் கிரிஃபன் அணியை விட்டு அங்கே போக, பதிலுக்கு இங்கே வந்தவர் பாய்ட். வயது 19. கேப்டனை இழந்த ரசிகர்களின் கோபம் ஒரு பக்கம், சம்பளக் கணக்கு இன்னொரு பக்கம். இரண்டும் அந்தப் பையனின் தோள்மேல்.

உயரமான முன்கள வீரர் 20 வயதில் முழுமை அடைவது அபூர்வம். தன்னைவிட ஆறேழு வயது மூத்த, உடம்பு முற்றிய தடுப்பாளர்களோடு முட்டி மோதி மேலே எழும்ப வேண்டும். இது பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் 2015இல் அவர் ஒவ்வொரு முறை பந்தைத் தவறவிட்டபோதும் பேச்சு ஒப்பந்தத் தொகையைப் பற்றியே இருந்தது. சில வாரங்கள் இரண்டாம் நிலை அணியில் ஆடினார். அந்த ஒரு சீசனோடு கணக்கை மூடியிருந்தால், தீர்ப்பு பூஜ்யம்.

மறு ஆண்டு அக்டோபர் 1. கிராண்ட் ஃபைனலில் 3 கோல். மூன்றாவது கோலைத்தான் நீங்கள் முதலில் பார்த்தீர்கள். இறுதி வித்தியாசம் 22 புள்ளி.

அந்தத் தொகை தகுமா என்று புல்டாக்ஸ் ரசிகர் ஒருவரிடம் கேளுங்கள். என் கணிப்பில், அந்த ஒரு மதியத்துக்கே தகும் என்பார்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017இல் மன அழுத்தத்துக்காக விளையாட்டிலிருந்து விலகி ஓய்வெடுத்தார். அதைப் பற்றி வெளிப்படையாகவும் பேசினார். 2019 மே மாதத்தில், 23 வயதில், ஒப்பந்தம் 2021 வரை இருக்கும்போதே ஓய்வை அறிவித்துவிட்டார். மீதிப் பணத்தை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனார். முதல் சீசனில் நாம் சாதாரணமாக உதிர்க்கும் "தண்டம்" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு 19 வயதுப் பிள்ளை என்பதை நான் இப்போது ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் நினைத்துக்கொள்கிறேன்.

ஃபிராங்க்ளினுக்கு சிட்னியில் கோப்பை கிடைக்கவே இல்லை. 2014, 2016, 2022 என மூன்று கிராண்ட் ஃபைனல்கள், மூன்றிலும் தோல்வி. ஆனால் 25 மார்ச் 2022 அன்று, அந்த 9 ஆண்டு ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில், சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் தன் 1,000ஆவது கோலை அடித்தார். அடுத்த நொடி ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். ஆட்டம் நின்றது. கூட்டத்துக்கு நடுவே அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை.

[திரையில்: 2014, முதல் ஆட்டத்தின் ஸ்கோர் பலகை]

இப்போது இந்தப் பலகையை மறுபடி பாருங்கள். 32 புள்ளித் தோல்வி. அன்று இரவு நீங்கள் என்ன மதிப்பெண் போட்டிருப்பீர்கள்? மறைக்காமல் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.