தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை பாலம் திறந்தால் வேளச்சேரிக்காரர்கள் வழி மாற வேண்டுமா?

அடுத்த கேள்வி, வேளச்சேரியில் இருந்து ஒரு சகோதரி அனுப்பியது. "அண்ணா, எனக்கு ராயப்பேட்டையில் ஆபீஸ். இப்போது தரமணி, மத்திய கைலாஷ், கோட்டூர்புரம் வழியாக கார் ஓட்டிப் போகிறேன். அண்ணா சாலையில் கட்டுகிற பாலம் திறந்துவிட்டால் கிண்டி வழிக்கு மாறிவிடலாமா?"

மாற வேண்டாம்மா. ஆனால் அந்தப் பாலத்தால் உங்களுக்கு வேறு ஒரு லாபம் உண்டு.

முதலில் பாலம் எப்படி என்று பார்த்துவிடலாம். 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 621 கோடி ரூபாய் திட்டம், 3.2 கிலோமீட்டர் நீளம், நான்கு வழி. கீழே மெட்ரோ சுரங்கம் ஓடுவதால் அஸ்திவாரத்தை இஷ்டத்துக்கு ஆழமாக இறக்க முடியாது. அதனால்தான் எடை குறைவாக இருக்கட்டும் என்று இரும்புப் பாலமாகக் கட்டுகிறார்கள்.

எல்டாம்ஸ் சாலை, செனடாப் சாலை, நந்தனம், சி.ஐ.டி. நகர் என்று வழியில் ஏழு சந்திப்புகள். அத்தனையையும் மேலேயே தாண்டிவிடலாம். நான் ஆறு வருஷம் கால் டாக்ஸி ஓட்டியவன். நந்தனம் சிக்னலில் சவாரிக்காரர் பொறுமை போய், காசைக் கொடுத்துவிட்டு இறங்கி மெட்ரோ பிடித்துப் போன நாள் எல்லாம் உண்டு. மேலே ஐம்பது வேகத்தில் போனால் அந்தத் தூரத்துக்கு நாலு நிமிஷம்தான்.

சரி, அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறேன்? நீங்கள் பாலத்தைத் தொடுவதற்கு முன்னால் குருநானக் காலேஜ், ரேஸ் கோர்ஸ், கிண்டி, சின்னமலை எல்லாம் தாண்டி வர வேண்டும். கத்திப்பாரா பக்கம் இருந்து வருகிற வண்டிகளோடு கலந்துதான் அடையாற்றின் மேலே உள்ள மறைமலை அடிகள் பாலத்துக்கே வருவீர்கள். அந்த நெரிசலுக்கும் புதுப் பாலத்துக்கும் சம்பந்தமே இல்லை. புதுப் பாலம் ஆற்றைத் தாண்டிய பிறகு, டாட் ஹண்டர் நகர் பக்கம்தான் தொடங்குகிறது. அப்புறம் தேனாம்பேட்டையில் இறங்கினால் அண்ணா மேம்பாலம் போகிற கூட்டத்தோடு நின்று, அங்கிருந்து ராயப்பேட்டைக்குத் திரும்ப வேண்டும். நடுவில் மிச்சம் பிடித்த பத்து நிமிஷத்தை இரண்டு முனையிலும் கொடுத்துவிடுவீர்கள். உங்கள் இப்போதைய வழியில் கோட்டூர்புரம் பாலம் தாண்டி, டர்ன்புல்ஸ் சாலை, சேமியர்ஸ் சாலை, டி.டி.கே. சாலை என்று நேராக ராயப்பேட்டையிலேயே போய் இறங்குகிறீர்கள்.

இப்போது லாபத்துக்கு வருகிறேன். உங்களோடு கோட்டூர்புரத்தில் நிற்கிற வண்டிகள் எல்லாம் வேளச்சேரி, தரமணி வண்டிகள் இல்லை. பல்லாவரம், மீனம்பாக்கம் பக்கத்து ஆட்கள், அண்ணா சாலைக்குப் பயந்து கிண்டியில் சர்தார் படேல் சாலைக்குள் திரும்பி, காந்தி மண்டபம் சாலை வழியாக வருகிறார்கள். ஜெமினி, எல்.ஐ.சி. பக்கம் போகிற இவர்களுக்குத்தான் இந்தப் பாலம் கச்சிதமாக அமையும். இவர்கள் அங்கே திரும்பிப் போனால் உங்கள் சாலை கொஞ்சம் மூச்சு விடும். பாலத்தில் ஏறாமலே உங்களுக்குப் பலன். எத்தனை மாசம் நீடிக்கும் என்பது வேறு கதை. வழி லேசாகிவிட்டது என்று தெரிந்தால் பஸ்ஸில் போகிறவர்கூட வண்டியை எடுத்துவிடுவார்.

சாயங்காலம்? அது இன்னும் மோசமாகலாம். மேலே வருகிறவர்களும் கீழே வருகிறவர்களும் சைதாப்பேட்டையில் ஒன்று சேர்ந்து அதே ஆற்றுப் பாலத்துக்குள் நுழைய வேண்டும். தி. நகரில் 2025ல் திறந்த தெற்கு உஸ்மான் சாலை மேம்பாலமும் சி.ஐ.டி. நகரில்தான் இறங்குகிறது, அந்த வண்டிகளில் கிண்டி போகிறவையும் இதில் சேரும். ராத்திரி எட்டரைக்கு மேல் கிளம்புகிற நாளில் மட்டும் அண்ணா சாலையில் போய்ப் பாருங்கள், சுகமாக இருக்கும்.

ஒன்று மட்டும், திறந்த முதல் வாரத்தில் ஓட்டிப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்த வாரம் பாதிப் பேர் பாலத்தைப் பார்க்கவே வருவார்கள், மீதிப் பேர் ஓரத்தில் நிறுத்தி செல்ஃபி எடுப்பார்கள்.