உங்கள் 'ரிவால்வர்' வேறு, என் 'ரிவால்வர்' வேறு

(ஒரு நூலகத்தின் இசை ரசிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, அடைமழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

உள்ளே வரும்போது வாசல் படியில் இரண்டு இளைஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வரின் பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸ் தந்த ஆல்பங்களில் உயர்ந்தது எது என்பது வழக்கு. ஒருவர் 'அபி ரோடு' என்றார். மற்றவர் 'ரப்பர் சோல்' என்று அடித்துச் சொன்னார். இருவருக்கும் இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. 1970இல் பிரிந்துபோன ஒரு குழுவுக்காக, அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த இருவர் குடையை மடக்கக்கூட மறந்து நிற்கிறார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதே சண்டையை நானும் போட்டிருக்கிறேன். நான் போட்ட சண்டையிலிருந்துதான் இன்றைய பேச்சைத் தொடங்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். கல்லூரி விடுதி. எங்கள் மேல்வகுப்பு அண்ணன் ஒருவர் பிரிட்டிஷ் இசைத்தட்டிலிருந்து 'ரிவால்வர்' ஆல்பத்தைக் கேசட்டில் பதிவு செய்து எனக்குக் கொடுத்திருந்தார். பக்கத்து அறை நண்பனிடமும் 'ரிவால்வர்' இருந்தது. அவனுடைய மாமா சிகாகோவிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டு. ஒரு நாள் அவன் சொன்னான்: "இந்த ஆல்பத்தில் ஜான் லெனன் எங்கே இருக்கிறார்? ஜார்ஜ் ஹாரிசனுக்குக்கூட அவரைவிட அதிகப் பாட்டு இருக்கிறது." எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஜான் இல்லாத ரிவால்வரா? காதில் பஞ்சு வைத்துக்கொண்டா கேட்டாய்?" என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவன் தட்டின் உறையை எடுத்துக்கொண்டு வந்தான். என் கேசட்டின் அட்டையில் அண்ணன் எழுதியிருந்த பாடல் வரிசையைப் பக்கத்தில் வைத்தோம். என்னுடையதில் பதினான்கு பாடல்கள். அவனுடையதில் பதினொன்று. குறைந்த மூன்றும் ஜான் பாடியவை.

நாங்கள் இருவரும் உண்மையைத்தான் பேசியிருக்கிறோம். இருவர் கையிலும் இருந்தது ஒரே பெயர், ஒரே கோட்டோவிய அட்டைப்படம். உள்ளே இருந்த ஆல்பம் மட்டும் வேறு வேறு.

நடந்தது இதுதான். அமெரிக்காவில் பீட்டில்ஸ் தட்டுகளை வெளியிட்ட கேபிடல் நிறுவனம், பிரிட்டனில் வந்த ஆல்பங்களை அப்படியே வெளியிடவில்லை. பாடல்களைக் குறைத்து, மிச்சத்தைச் சேர்த்துவைத்து, இன்னொரு தட்டாக விற்றது. 1966 ஜூனில் அமெரிக்காவுக்கென்றே ஒரு தொகுப்பு தயாரானது. அதற்காக 'ரிவால்வர்' முடிவதற்கு முன்பே 'ஐயம் ஒன்லி ஸ்லீப்பிங்', 'அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்', 'டாக்டர் ராபர்ட்' ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டார்கள். ஆகஸ்டில் 'ரிவால்வர்' வந்தபோது அமெரிக்கப் பதிப்பில் அவை இல்லை. ஜானுக்கு மிஞ்சியவை இரண்டு பாடல்கள். ஜார்ஜுக்கு மூன்று. என் நண்பன் எண்ணியது சரிதான்.

1987இல் குறுந்தட்டு வரும்வரை, அதாவது இருபத்தோரு ஆண்டுகள், அமெரிக்க ரசிகர்கள் கேட்ட 'ரிவால்வர்' அந்தப் பதினொரு பாடல் ஆல்பம்தான். 'ரிவால்வர்' வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1967இல் வந்த 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பமோ இரு நாடுகளிலும் ஒரே பாடல் வரிசையோடு வந்த முதல் பீட்டில்ஸ் ஆல்பம். அங்கே நெடுங்காலம் 'பெப்பர்'தான் சிகரம் என்று பேசப்பட்டதிலும், குறுந்தட்டு வந்தபின் 'ரிவால்வர்' மேலே ஏறியதிலும் இதற்குப் பங்கு உண்டு என்பது என் துணிபு. மூன்று பாடல்கள் வீடு திரும்பின. ஆல்பத்துக்கு முதுகெலும்பு நேரானது.

ஆகவே 'எது சிறந்த ஆல்பம்' என்று யாராவது கேட்டால், 'நீங்கள் எதைக் கேட்டீர்கள், எந்த வடிவத்தில் கேட்டீர்கள்' என்று நான் திருப்பிக் கேட்பேன். மழுப்புவதற்காகக் கேட்கவில்லை. அந்த விவரம் தெரியாமல் இந்த வழக்கில் தீர்ப்பே சொல்ல முடியாது.

படியில் நின்ற 'ரப்பர் சோல்' நண்பருக்கும் ஒரு செய்தி. 1965 டிசம்பரில் வந்த அந்த ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பு 'டிரைவ் மை கார்' பாடலின் துள்ளலோடு தொடங்கும். அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பாட்டே கிடையாது. நான்கு பாடல்களை எடுத்துவிட்டு, 'ஹெல்ப்' ஆல்பத்திலிருந்து இரண்டைச் சேர்த்திருந்தார்கள். முதல் பாட்டாக 'ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்' வரும். கம்பி அதிரும் மரக் கிட்டார், நாட்டுப்பாடல் வாசனை. ஆல்பம் முழுவதுக்கும் ஒரே மனநிலை வந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் கேட்டு அசந்துபோனது இந்த அமெரிக்கப் பதிப்பைத்தான். ஒரு தட்டு முழுவதும் ஒரே மூச்சில் நிற்க வேண்டும் என்ற வேகத்தில் அவர் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைச் செய்தார். அதைக் கேட்டுப் பால் மெக்கார்ட்னி அசந்தார். அந்த வியப்பு 'சார்ஜண்ட் பெப்பர்' வரை போனது. விற்பனைக் கணக்குப் பார்த்து ஒரு நிறுவனம் செய்த வெட்டு ஒட்டு வேலை, ஒரு கலைஞனின் காதில் வேறு வேலை செய்திருக்கிறது. எடுத்த நான்கு பாடல்களுக்காக நான் இன்றும் வருந்துகிறேன். ஆனாலும் அந்த அமெரிக்க 'ரப்பர் சோல்' ஆல்பத்தைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆல்பங்களை மட்டும் வைத்துப் பேசும்போது நழுவிப்போகிறவையும் உண்டு. 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', 'பென்னி லேன்' இரண்டும் 1967 பிப்ரவரியில் தனித்தட்டாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறு தட்டாக வந்தன. தனித்தட்டில் வாங்கியதையே ஆல்பத்திலும் வாங்கவைக்கக் கூடாது என்பது அன்றைய பிரிட்டிஷ் வழக்கம். அதனால் இரண்டும் 'பெப்பர்' ஆல்பத்தில் இடம்பெறவில்லை. அதுதான் தம் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் வருந்தினார். நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு பாட்டும் இப்படி வெளியே நிற்கிறது. 'தி இன்னர் லைட்'. 1968 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து, இந்திய இசைக்கலைஞர்களை வைத்து அதன் வாத்திய இசையைப் பதிவு செய்தார். 'லேடி மடோனா' தனித்தட்டின் மறுபக்கத்தில் அது வெளிவந்தது. 'சிறந்த ஆல்பம்' பட்டியல் போடுகிறவர்கள் கண்ணில் படாமலேயே போகிறது.

ஹாரிசனைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 'ரிவால்வர்' ஆல்பத்தின் 'லவ் யூ டூ' பாட்டில் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயர் பின்னட்டையில் அச்சாகியிருக்கிறது. எட்டு ஆண்டு கழித்து, 1974இல் ஹாரிசன் வட அமெரிக்காவில் இசைப் பயணம் போனபோது, உடன் சென்ற ரவிசங்கர் குழுவில் நம் டி.வி.கோபாலகிருஷ்ணன் மிருதங்கத்தோடு இருந்தார். சென்னைக் கச்சேரி மேடைகளில் அவரைக் கேட்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்.

இனி 'புதிய வெளியீடு' என்ற பகுதிக்கு வருகிறேன். பிரிந்த குழுவுக்கு ஏது புதிய வெளியீடு என்று கேட்பவர்கள் உண்டு. பீட்டில்ஸ் ரசிகர்களுக்குக் கடந்த சில ஆண்டுகள் அறுவடைக் காலம்.

முதலில் ஒரு பின்னணி. ஒலி முழுவதும் ஒரே வழியாக வந்தால் மோனோ; இடம், வலம் என இரு வழியாகப் பிரிந்து வந்தால் ஸ்டீரியோ. அறுபதுகளின் நடுவில் பிரிட்டனில் பெரும்பாலோர் கேட்டது மோனோ. பீட்டில்ஸ் நால்வரும் உட்கார்ந்து கவனித்ததும் மோனோ ஒலிக்கலவையைத்தான். 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தின் ஸ்டீரியோ வடிவத்தை அவர்கள் இல்லாமலேயே ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் செய்து முடித்தார்கள். காலம் மாறி மோனோ வழக்கொழிந்தது. உலகம் முழுவதும் பரவியது ஸ்டீரியோ வடிவம். 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் அது மந்தமாக, சோர்ந்து நடக்கும். மோனோவில் வேகமும் சுருதியும் கூடுதல். வீட்டை விட்டுக் கிளம்பும் அந்தப் பெண்ணின் நடையே மாறிவிடுகிறது. துயரத்தோடு ஒரு அவசரம் சேர்கிறது. 2009இல் மோனோ ஆல்பங்கள் பெட்டியாக வந்தபோதுதான் நான் அதை முதன்முதலில் கேட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மனப்பாடமாக இருந்த பாட்டு, புதிதாக ஒருவர் வாயால் கேட்பதுபோல் இருந்தது. 2017இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் ஸ்டீரியோவை மறுபடி கலந்தபோது, மோனோவைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டுக்கும் பழைய வேகம் திரும்பியது.

'ரிவால்வர்' அப்படி மறுகலவைக்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை. அன்று இருந்தது நான்கு தடப் பதிவு. 'டாக்ஸ்மேன்' பாட்டில் டிரம், பாஸ், கிட்டார் மூன்றும் ஒரே தடத்தில் ஒட்டிக் கிடந்தன. பாலில் கலந்த நீரைப் பிரிப்பது எப்படி? பீட்டில்ஸ் பற்றிய 'கெட் பேக்' ஆவணத் தொடருக்காகத் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு, ஒலிகளை அடையாளம் கண்டு பிரிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த வித்தையால் 2022இல் 'ரிவால்வர்' தட்டும் பிரிந்து சேர்ந்தது.

அதே வித்தையின் பயனாகத்தான் 2023 நவம்பர் 2ஆம் தேதி 'நவ் அண்ட் தென்' வந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் நியூயார்க் வீட்டில் ஜான் பியானோ வாசித்தபடி கேசட்டில் பாடிவைத்த பாட்டு. 1994இல், மறைந்த ஜானின் மனைவி யோகோ ஓனோ அந்த ஒலிநாடாவைப் பாலிடம் கொடுத்தார். மறு ஆண்டு பால், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் முயன்றார்கள். பியானோ ஒலியும் மின்சார இரைச்சலும் ஜானின் குரலை மூடியிருந்தன. விட்டுவிட்டார்கள். 2001இல் ஜார்ஜும் போய்விட்டார். 2022இல் ஜானின் குரல் மட்டும் தனியே தெளிந்து வந்தபோது, ரிங்கோ புதிதாக டிரம் வாசித்தார். 1995இல் ஜார்ஜ் வாசித்து வைத்திருந்த கிட்டார் சேர்ந்தது. பால், ஜார்ஜின் பாணியில் ஒரு ஸ்லைடு கிட்டார் பகுதியை வாசித்தார்.

இது குறித்து ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "ஜார்ஜுக்கு விருப்பமில்லாமல் நின்ற பாட்டை அவர் இல்லாத நேரத்தில் முடிக்கலாமா?" என்று கேட்டவர்களை நான் மதிக்கிறேன். அது நியாயமான கேள்வி. அன்று ஜார்ஜுக்கு அதில் நாட்டம் இல்லை என்று பாலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். "கணினி செய்த பொய்க் குரல்" என்று பரவிய பேச்சை மட்டும் மறுக்கிறேன். ஒரு எழுத்துகூடப் புதிதாகச் செய்யப்படவில்லை. கேசட்டில் இருந்த ஜானே பாடுகிறார். எண்பது கடந்த பால், நண்பனின் கை வாசிக்கும் விதத்தை நினைவிலிருந்து மீட்டி வாசிக்கும் அந்த ஸ்லைடு பகுதியில் நான் ஒவ்வொரு முறையும் கண்கலங்குகிறேன். 'ரிவால்வர்' ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைக்கும் பாட்டா என்றால், இல்லை. ஆனால் அளவுகோலை எடுத்துக்கொண்டு போகும் இடமா அது?

எட்டு நாளில் இன்னொரு வெளியீடு வந்தது. பீட்டில்ஸின் தேர்ந்த பாடல்களோடு 1973இல் வந்த சிவப்பு, நீலத் தொகுப்புகள் ஐம்பது ஆண்டுக்குப் பின் விரிந்து வந்தன. ஐம்பத்து நான்கு பாடல்கள் எழுபத்தைந்தாயின. பழைய சிவப்புத் தொகுப்பில் ஜார்ஜ் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. 'ரிவால்வர்' ஆல்பத்திலிருந்து எடுத்தவையும் 'எலினோர் ரிக்பி', 'யெல்லோ சப்மரீன்' என்ற இரண்டே. புதிய தொகுப்பில் 'டாக்ஸ்மேன்' இருக்கிறது, 'டுமாரோ நெவர் நோஸ்' இருக்கிறது, அன்று அமெரிக்கா இழந்த 'ஐயம் ஒன்லி ஸ்லீப்பிங்' இருக்கிறது. இனி அந்தத் தொகுப்பின் வழியே நுழையும் பதினைந்து வயதுப் பிள்ளையின் பீட்டில்ஸ், நான் அறிந்த பீட்டில்ஸாக இராது. அந்தப் பிள்ளையின் முதல் நினைவிலேயே ஜார்ஜ் ஒரு பாடலாசிரியர்.

மறுகலவை பற்றி எனக்கு ஒரே ஒரு வற்புறுத்தல் உண்டு. புதியதை எத்தனை வேண்டுமானாலும் செய்யுங்கள். பழையதைக் கடையிலிருந்து எடுக்காதீர்கள். 'லெட் இட் பீ' ஆல்பத்தில் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பாட்டின்மேல் வயலின் வரிசையையும் பெண்குரல் கூட்டத்தையும் ஏற்றினார். பாலுக்கு அது ஆறாத புண். 2003இல் அந்தச் சேர்க்கை எதுவும் இல்லாத 'நேக்கட்' பதிப்பு வந்தது. எனக்கு அதுதான் பிடிக்கும். பாட்டு மூச்சு விடுகிறது. என் மனைவிக்கு ஸ்பெக்டரின் வடிவமே பிடிக்கும். எங்கள் வீட்டில் இரண்டு தட்டுகளும் இருக்கின்றன. இரண்டும் இருப்பதால்தான் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்களால் வாதாட முடிகிறது.

'வெள்ளை ஆல்பம்' பற்றிக் கேட்பீர்கள். அதன் இரண்டு தட்டுகளில் உள்ள முப்பது பாடல்களைப் பதினான்காகச் சுருக்கி ஒரே தட்டாக்கிப் பார்ப்பது ரசிகர்களின் பழைய விளையாட்டு. ஜார்ஜ் மார்ட்டினுக்கே ஒரே தட்டாக வந்திருக்கலாம் என்ற எண்ணம் இருந்தது. நானும் பட்டியல் போட்டேன். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ரெவல்யூஷன் 9' ஒலித் தொகுப்பைத்தான் முதலில் எடுத்தேன். எடுத்த பிறகு, அதை அடுத்துவரும் தாலாட்டுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. திரும்ப வைத்துவிட்டேன். முப்பதும் இருக்கட்டும்.

அவைத்தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பிடித்த ஆல்பத்தின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டு இரண்டாவதாக ஒரு கோடு போடவைத்திருக்கிறேன். அதில், அந்த ஆல்பத்தை முதலில் எதில் கேட்டீர்கள், எந்த ஆண்டில், யார் கொடுத்தது என்று எழுதுங்கள். என் சீட்டை எழுதிவிட்டேன்: 'ரிவால்வர்', பதினான்கு பாடல்கள், கேசட், 1982, மேல்வகுப்பு அண்ணன். நீங்கள் எழுதுங்கள். அதுவரை 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டை முதலில் ஸ்டீரியோவிலும், பிறகு மோனோவிலும் போடுகிறேன்.