ட்ரம்ப் இடித்தது ஒரு பக்கத்தை, ட்ரூமன் இடித்தது வீட்டின் உட்புறம் முழுவதையும்! பிறகு ஏன் இவ்வளவு கோபம்?

[திரையில்: வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதியை இயந்திரம் கடித்து இழுக்கும் காட்சி]

இந்த வீடியோவை யூடியூப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே யூடியூப் கொடுத்த 22 மில்லியன் டொலர், அமெரிக்க ஜனாதிபதி கட்டும் ஒரு விருந்து மண்டபத்துக்குப் போகிறது என்றால் நம்புவீர்களா? 2021 ஜனவரியில் வொஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகு டொனால்ட் ட்ரம்பின் கணக்கை யூடியூப் முடக்கியது. அவர் வழக்குப் போட்டார். 2025 செப்டம்பரில் 24.5 மில்லியன் டொலர் கொடுத்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. அதில் 22 மில்லியன் அந்த மண்டபத்துக்கு!

அந்த மண்டபத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக, 2025 ஒக்டோபர் 20 ஆம் திகதி வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதியில் இயந்திரத்தின் பல் இறங்கியது. சில நாட்களுக்குள் அந்தப் பக்கம் முழுவதும் தரைமட்டம்.

வணக்கம் உறவுகளே. வொஷிங்டனில் ஒரு கட்டடம் இடிந்தால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் நமக்கு என்ன என்று கேட்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை இருங்கள். பின்பாதி நம்முடைய யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றியது. எரிந்த ஒரு பொதுக் கட்டடத்தை எப்படித் திருத்துவது, யார் திருத்துவது, யாரைக் கேட்டுத் திருத்துவது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிய ஊர் இது. இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுதியானவர்கள் அதிகம் பேர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ஹோபன் வரைந்த வீடு. 1792 இல் அத்திவாரம். 1800 இல் ஜோன் அடம்ஸ் குடியேறினார். 1814 இல் பிரித்தானியப் படைகள் எரித்தன. திருத்தி 1817 இல் மீண்டும் குடிபுகுந்தார்கள். மேற்குப் பகுதி 1902 இல் வந்தது. இப்போது இடிபட்ட கிழக்குப் பகுதி 1942 இல், இரண்டாம் உலகப் போருக்கு நடுவே, பிராங்கிளின் ரூஸ்வெல்ட் கட்டியது. அதன் அடியில் ஒரு பதுங்கு குழி இருந்தது. பிற்காலத்தில் ஜனாதிபதிகளின் மனைவியருடைய அலுவலகம் அங்கே இயங்கியது. வெள்ளை மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போகும் பொதுமக்களும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். பின்னணி அவ்வளவுதான்.

இப்போது ட்ரம்ப் தரப்பு சொல்வது. வெள்ளை மாளிகையின் மிகப் பெரிய அறையில் ஏறக்குறைய 200 பேர்தான் அமரலாம். அதற்கு மேல் விருந்தினர் வந்தால் புல்வெளியில் கூடாரம் போட வேண்டும். மற்ற நாட்டுத் தலைவர்களைக் கூடாரத்தில் வைத்து உபசரிப்பது அழகா என்று கேட்கிறார்கள். செலவு தனியார் நன்கொடை, வரிப்பணத்தில் ஒரு சதமும் இல்லை என்கிறார்கள். இடப்பற்றாக்குறை பொய்யில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025 ஜூலையில் அறிவித்தபோது 200 மில்லியன் டொலர், 650 பேர். பிறகு 300 மில்லியன், 999 பேர். டிசம்பரில் 400 மில்லியன். மண்டபத் திட்டத்தின் பரப்பு 90,000 சதுர அடி. பிரதான மாளிகையோ 55,000 சதுர அடிதான். இருக்கிற கட்டடத்தில் கை வைக்க மாட்டோம், பக்கத்தில்தான் வரும் என்று ஜூலையில் ஜனாதிபதியே சொன்னார். ஒக்டோபரில் அந்தக் கட்டடமே இல்லை. கருத்துக்கணிப்புகளில் அமெரிக்கர்களில் பெரும்பான்மையானோர் இந்த இடிப்பை எதிர்த்ததற்கு இந்த மூன்று மாத மாற்றம் ஒன்றே போதுமான காரணம்.

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை மாளிகையின் உட்புறம் முழுவதும் வெறுமை, நடுவே ஒரு புல்டோசர்]

இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். இந்த வீடியோவைச் செய்ய என்னைத் தூண்டியதே இந்தப் படம்தான். இது 1950 ஆம் ஆண்டளவில் வெள்ளை மாளிகையின் உள்ளே எடுத்தது. சுவர் நிற்கிறது, உள்ளே மாடி இல்லை, அறை இல்லை, படி இல்லை. இதைச் செய்தவர் ஜனாதிபதி ஹரி ட்ரூமன்.

கதை 1948 இல் சூடு பிடிக்கிறது. சரவிளக்குகள் தாமாக ஆடுகின்றன. தரை கிறீச்சிடுகிறது. ஒருநாள் ட்ரூமனின் மகள் மார்கரெட்டின் பியானோவுடைய கால் ஒன்று தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. பொறியியலாளர்கள் வந்து பார்க்கிறார்கள். நூற்று முப்பது ஆண்டுகளாகத் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்கம்பி என்று ஒவ்வொருவரும் வந்து உத்தரங்களை வெட்டியும் துளைத்தும் வைத்திருந்தார்கள். வீடு பழக்கத்தின் பலத்தில் நின்றுகொண்டிருந்தது. குடும்பம் வீதிக்கு எதிர்ப்புறம் இருந்த பிளேயர் மாளிகைக்கு மாறியது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். 1949 இல் கொங்கிரஸ் ஒரு ஆணைக்குழுவை நியமித்தது. செனட்டர்கள் இருவர், மக்கள் பிரதிநிதிகள் சபையிலிருந்து இருவர், ஜனாதிபதி நியமித்த இருவர். முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டலாமா, வெளிச்சுவரை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் கட்டலாமா என்று வெளிப்படையாக விவாதித்தார்கள். சுவர் நிற்கட்டும் என்று முடிவாயிற்று. பணமும் கொங்கிரஸ் ஒதுக்கியதுதான். உள்ளே தோண்ட புல்டோசர் வேண்டும். அது நுழையும் அளவுக்குச் சுவரில் பெரிய துவாரம் வெட்ட ட்ரூமன் சம்மதிக்கவில்லை. ஆகவே புல்டோசரையே துண்டு துண்டாகக் கழற்றி, உள்ளே கொண்டுபோய், மீண்டும் பூட்டினார்கள்! ஒரு சுவருக்குக் கொடுத்த மரியாதையாக இதைவிடப் பெரிதாக நான் வேறு எதையும் வாசித்ததில்லை.

அகற்றிய பழைய செங்கல், ஆணி, மரத்துண்டுகளைப் பொதுமக்கள் நினைவுப்பொருளாக வாங்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். 1952 மார்ச்சில் ட்ரூமன் திரும்பி வந்தார். பழைய மரவேலைகளும் சாந்து அலங்காரங்களும் நிறையத் தொலைந்துபோனது உண்மை. அதை நினைத்து வருந்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனாலும் யாரும் அவரைத் திருடன்போலப் பேசவில்லை.

இங்கே ட்ரம்பின் ஆதரவாளர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்கிறார்கள். அதே ட்ரூமன் 1948 இல், தெற்குப் பக்கத் தூண்களுக்கு நடுவே ஒரு பல்கனி கட்டினாரே? அரசுக் கட்டடங்களின் வடிவமைப்புக்கு ஆலோசனை சொல்லும் நுண்கலை ஆணைக்குழு அதை எதிர்த்ததே? வீட்டுச் செலவுக்கான பணத்தில் மிச்சம் பிடித்து, கொங்கிரஸிடம் கேட்காமலே கட்டினாரே? ஆம், கட்டினார். பத்திரிகைகள் திட்டின. 20 டொலர் தாளில் இருந்த வெள்ளை மாளிகைப் படத்தைக்கூட மாற்றி அச்சிட வேண்டி வந்தது. இன்று அந்தப் பல்கனி இல்லாத மாளிகையை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. ஆகவே, இன்றைய கோபமும் நாளை ஆறிவிடும் என்பது அவர்கள் வாதம்.

நான் இதை ஏற்கவில்லை. பல்கனி பிடிக்கவில்லை என்று அடுத்த ஜனாதிபதி நினைத்திருந்தால் அதைக் கழற்றியிருக்கலாம். 1942 இன் கிழக்குப் பகுதியை எந்த ஜனாதிபதியாலும் இனித் திரும்பக் கொண்டுவர முடியாது. சேர்ப்பதற்கு அனுமதி கேட்காதது ஒரு அளவு தவறு, அழிப்பதற்குக் கேட்காதது பல மடங்கு தவறு. நம் ஊரில் பூர்வீக வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் முற்றத்தில் கொட்டகை போட்டால் குறைபட்டுக்கொண்டு விட்டுவிடுவார்கள். யாரிடமும் சொல்லாமல் தலைவாசலை இடித்தால், அந்தக் குடும்பம் அடுத்த தலைமுறையிலும் பேசிக்கொள்ளாது. வெள்ளை மாளிகையின் பங்காளிகள் அமெரிக்க மக்கள் அனைவரும்.

சட்டம் தடுக்காதா? 1966 ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வெள்ளை மாளிகை, நாடாளுமன்றக் கட்டடம், உயர் நீதிமன்றம் மூன்றுக்கும் விலக்கு உண்டு. கட்டுவதற்குத்தான் எங்கள் அனுமதி வேண்டும், இடிப்பதற்கு இல்லை என்றார் தலைநகரத் திட்டமிடல் ஆணைக்குழுவின் தலைவர். அவர் அப்போது வெள்ளை மாளிகையில் பணியாற்றிய அதிகாரி. நுண்கலை ஆணைக்குழுவின் உறுப்பினர்களை ஒக்டோபர் இறுதியில் பதவி நீக்கினார்கள். வேலையை நிறுத்துங்கள் என்று கடிதம் எழுதிய வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, டிசம்பரில் நீதிமன்றம் போனது.

[திரையில்: வெள்ளை மாளிகைச் சுவரில் வர்ணம் பூசாத கற்கள், மிக அருகில்]

இனி நான் ஆசையோடு காத்திருந்த இடம். அதே ட்ரூமன் பல்கனிக்கு வருவோம். அங்கே சுவரில் சில கற்கள் வெள்ளை வர்ணம் இல்லாமல் இருக்கின்றன. 1814 இல் எரித்தபோது பட்ட கரி அந்தக் கற்களில் இன்னும் தெரிகிறது. பிற்காலத்தில் பழைய வர்ணத்தை அடுக்கடுக்காக உரித்தபோது கரித் தழும்புகள் வெளிப்பட்டன. சில இடங்களை வேண்டுமென்றே அப்படியே விட்டார்கள். உலகத்தின் மிகப் பலம் வாய்ந்த அரசு, தன் வீடு எரிந்ததைத் தன் சுவரிலேயே காட்டிக்கொண்டு நிற்கிறது!

இதை அறிந்தபோது எனக்கு நம் நூலகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை அது எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள். ஓலைச்சுவடிகள். நம்மில் யாருக்கும் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எரிந்த பிறகு என்ன செய்வது என்ற விவாதத்தைத்தான் இளையவர்கள் பலர் அறியவில்லை. ஒரு சாரார், கரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டுப் புதிய நூலகத்தை வேறாகக் கட்ட வேண்டும் என்றார்கள். இன்னொரு சாரார், பிள்ளைகளுக்கு நூலகம் வேண்டும், அதே மண்ணில், அதே வடிவத்தில் எழும்ப வேண்டும் என்றார்கள். இரண்டுமே அன்பிலிருந்து வந்த நிலைப்பாடுகள்.

1990களின் பிற்பகுதியில் அரசாங்கம் செங்கல்லும் நூலும் சேகரிக்கும் இயக்கத்தோடு புனரமைப்பைத் தொடங்கியது. அப்போது எழுந்த கேள்வி மிகக் கடினமானது. எரித்தது அரச படையினர் என்றால், அதே அரசு வெள்ளை பூசித் தருவது பரிகாரமா, தடயத்தை மறைப்பதா? 2003 பெப்ரவரியில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. மாநகர சபை உறுப்பினர்கள் கூண்டோடு பதவி விலகினார்கள். விழா நின்றது. பிறகு ஆரவாரம் இல்லாமல் நூலகம் மக்களுக்குத் திறந்தது.

இன்று அந்த வெள்ளைக் கட்டடம் எவ்வளவு அழகு! மாலையில் வாசலில் நின்று பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. அங்கே படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளை நினைத்தால் புனரமைத்தது சரி என்றே சொல்வேன். ஆனால் அதன் சுவரில் ஒரு சாண் அளவு கரியைக்கூட விட்டு வைக்கவில்லையே என்ற கவலை எனக்கு உண்டு. முழுக் கட்டடத்தையும் சிதைவாக வைத்திருக்கத் தேவையில்லை. நாலு கற்கள் போதும். வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளை, இது ஏன் கறுப்பு என்று கேட்டிருக்கும். யாராவது ஒருவர் பதில் சொல்லியிருப்பார். அந்தத் தீர்மானத்தை எடுத்தபோது நம்மிடம் முறையாகக் கேட்டிருந்தால், வெள்ளையும் வேண்டும் நாலு கறுப்புக் கல்லும் வேண்டும் என்று சொல்ல இந்த ஊரில் ஆட்கள் இருந்தார்கள்.

இது முடிந்துபோன விவாதம் இல்லை. கண்டி வீதியால் போகிறவர்கள் பழைய பூங்காப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். 1829 முதல் 1867 இல் இறக்கும்வரை வடக்கை நிர்வகித்த அரசாங்க அதிபர் டைக் வாழ்ந்த வளவு அது. பழைய கச்சேரி, அதாவது அந்தக்கால அரசாங்க நிர்வாக அலுவலகம், அங்கே கூரையின்றி, சுவர்களில் வேர் ஓடி நிற்கிறது. போர் அதை அப்படி ஆக்கியது. நல்லூரில் இருக்கும் பழைய மாளிகையான மந்திரிமனையும் சிதைந்துகொண்டிருக்கிறது. 1940 ஆம் ஆண்டிலிருந்து தொல்பொருள் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. ஒருநாள் ஒரு தலைவர் வருவார், நல்ல எண்ணத்தோடுகூட வரலாம், கையில் ஒரு வரைபடமும் நன்கொடையாளர் பட்டியலும் இருக்கும். அன்றைக்கு நாம் யோசிக்கத் தொடங்கினால் வொஷிங்டனில் நடந்ததுபோலச் சில நாட்களில் வேலை முடிந்துவிடும்.

ஆகவே உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். பழைய கச்சேரியை என்ன செய்ய வேண்டும்? முன்பிருந்தபடி கட்டியெழுப்பவா, சிதைவை அப்படியே பலப்படுத்தி வைக்கவா, இரண்டும் கலந்தா? காரணத்தோடு கீழே எழுதுங்கள். அங்கே வேலை செய்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கட்டடத்தின் பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் அனுப்பிவைத்தால், எந்த வாசல் எங்கே இருந்தது, எந்த அறையில் எந்தப் பிரிவு இயங்கியது என்று குறித்து அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். வந்து சேரும் கருத்துகளை மாவட்டச் செயலகத்துக்கும் தொல்லியல் திணைக்களத்துக்கும் எழுத்து வடிவில் கையளிக்க எண்ணியிருக்கிறேன். பெயரோடு எழுதுங்கள்.